எட்டு வீட்டுக் கட்டடத்தில் மூன்று கூட்டாளிகள்: மராமத்துப் பணம் குறைந்தால் யார் போடுவது?

கேள்வி: எட்டு வீடுகள் உள்ள பழைய கட்டடம் ஒன்றை நானும் என் மைத்துனரும் அலுவலக நண்பர் ஒருவரும் சேர்ந்து வாங்கப் போகிறோம். நான்கு தளம், தளத்துக்கு இரண்டு வீடு. ஐந்தில் வாடகைக்கு ஆள் இருக்கிறார்கள், மூன்று காலி. விலையை 100 என்று வைத்துக்கொண்டால் வங்கி 70 தரும். மீதி 30 எங்களிடம் இருக்கிறது: மைத்துனர் 20, நண்பர் 7, நான் 3. மராமத்துக்கு 40 ஆகும் என்று காண்டிராக்டர் எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார். வேலை முடிந்தால் ஆண்டு வாடகை 20 வரும். மேற்பார்வை என் பொறுப்பு. நண்பருக்கு நல்ல சம்பளம், நல்ல கடன் மதிப்பெண். வங்கியில் அவர்தான் கையெழுத்துப் போடுவார். ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று பேசியிருக்கிறோம். அந்த 40-ஐ எங்கே புரட்டுவது? என் சொந்த வீட்டை அடமானம் வைத்தால் மொத்தமும் கிடைத்துவிடும். வைக்கலாமா?

பதில்:

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வீட்டை அடமானம் வைக்காதீர்கள். இப்போது வேண்டாம், இந்தக் கணக்கை நம்பி வேண்டவே வேண்டாம். உங்களுக்குத் தேவைப்படும் தொகை 40 இல்லை. அதைவிடப் பெரிது. வீட்டை வைத்து 40 வாங்கினால், பாதி வேலையில் பணம் தீரும்போது வைப்பதற்கு உங்களிடம் வேறு எதுவும் இருக்காது.

கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்ப்போம். வாங்கும் விலை 100. பத்திரப் பதிவு, வக்கீல், மதிப்பீட்டாளர், வங்கிக் கட்டணம் எல்லாம் சேர்த்து ஒரு 6 வையுங்கள். மராமத்து 40. பழைய கட்டடத்தில் எஸ்டிமேட்டுக்கு மேல் 10 முதல் 15 சதவீதம் ஒதுக்காமல் யாரும் இறங்கக் கூடாது. 15 என்றால் அது ஒரு 6. அப்புறம் எல்லோரும் மறந்துவிடும் ஒரு செலவு இருக்கிறது. வேலை நடக்கும் ஓர் ஆண்டு முழுக்க வங்கி வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். சொத்து வரியும் காப்பீடும் கட்ட வேண்டும், வாடகையோ இப்போது வருவதில் பாதிதான் வரும். எட்டு சதவீத வட்டியில், வரும் கொஞ்ச வாடகையைக் கழித்த பிறகும் இது 8-க்கு வந்து நிற்கிறது. மொத்தம் 160. விலைக்கு மேல் உங்களுக்கு வேண்டியது 40 அல்ல, 60.

இதில் வங்கி எவ்வளவு தாங்கும்? இப்படிப்பட்ட கட்டடங்களுக்குக் கடன் கொடுப்பவர்கள் இரண்டு அளவுகோல் வைத்திருப்பார்கள். ஒன்று, கட்டடத்தின் மதிப்பில் எத்தனை சதவீதம் கடன் என்பது. இன்னொன்று, செலவு போக நிற்கும் வாடகை ஆண்டுத் தவணையைப் போல எத்தனை மடங்கு என்பது. இந்த இரண்டாவது விகிதம் 1.25 இருக்க வேண்டும் என்பது பரவலாக உள்ள எதிர்பார்ப்பு. இரண்டில் எது குறைந்த தொகையைக் காட்டுகிறதோ, அதுதான் உங்கள் கடன்.

வாடகை 20. காலியாகக் கிடக்கும் நாட்களுக்கு 5 சதவீதம் கழித்தால் 19. வரி, காப்பீடு, பராமரிப்பு, பொது விளக்கு, பழுதுக்கு எடுத்து வைக்கும் தொகை என்று 5 போனால் மிச்சம் 14. இதை 1.25-ஆல் வகுத்தால் ஆண்டுக்கு 11.2 வரை தவணை கட்டலாம் என்றாகிறது. 8 சதவீத வட்டி, 25 ஆண்டுத் தவணை என்றால் அது ஏறக்குறைய 121 கடனைத் தாங்கும். மதிப்பு வழியாகவும் பார்ப்போம். மிச்ச வாடகை என்பது கட்டடத்தின் மதிப்பில் 8 சதவீதம் என்று எடுத்தால் 14-க்கு மதிப்பு 175; அதில் 70 சதவீதம் 122 சொச்சம். இரண்டு வழியிலும் கிட்டத்தட்ட ஒரே இடத்துக்குத்தான் வருகிறோம். ஆக, வங்கி 121 வரை வரலாம். 160-இல் மீதி 39 உங்கள் மூவரின் கைப்பணமாக இருந்தாக வேண்டும்.

உங்களிடம் இருப்பது 30. அந்த 9 யாருடையது? உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன், அதற்கு அதில் பதில் இல்லை.

இந்த 9-ஐப் பற்றி ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நான் பார்த்த கூட்டு முறிவுகளில் பெரும்பாலானவை முதல் பணத்தில் நடக்கவில்லை. முதல் பணம் போடும்போது எல்லோரும் உற்சாகமாக இருப்பார்கள். இரண்டாவது முறை கை நீட்டும்போதுதான் உறவு நிற்குமா விழுமா என்று தெரியும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஆறு வீட்டுக் கட்டடம் ஒன்றை வாங்கிய மூன்று நண்பர்கள் என்னிடம் கணக்குப் பார்க்க வந்தார்கள். அவர்களோடு நானும் கட்டடத்துக்குப் போயிருந்தேன். கீழ்த்தளக் குளியலறையில் டைல்ஸ் மாற்றச் சுவரை உடைத்திருந்தார்கள். உள்ளே நான்கு அங்குல வார்ப்பிரும்புக் கழிவுக் குழாய், மேலிருந்து கீழ்வரை ஒரே கம்பம் போல இறங்குகிறது. பிளம்பர் ஸ்க்ரூ டிரைவரின் முனையால் லேசாகக் குத்தினார். குழாய் மண்ணாங்கட்டி போல உதிர்ந்தது. அந்தக் குழாயை ஒரு வீட்டில் மட்டும் மாற்ற முடியாது. மேல் வீட்டில் தண்ணீர் ஊற்றினால் கீழ் வீட்டில் கொட்டும். அந்த வரிசையில் இருந்த மூன்று வீட்டையும் ஒரே நேரத்தில் காலி செய்ய வேண்டியிருந்தது. வாடகை நின்றது, எஸ்டிமேட் எகிறியது. மூவரில் ஒருவர் தன் சேமிப்பிலிருந்து எடுத்துப் போட்டார். மற்ற இருவரும் "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்றார்கள். எட்டு மாதம் கழித்து அவர் "என் பங்கு இப்போது எவ்வளவு?" என்று கேட்டார். எழுத்தில் எதுவும் இல்லை. அவர் கொடுத்தது கடனா, முதலீடா, உதவியா என்பதில்கூட மூவருக்கும் மூன்று கருத்து. கடைசியில் கட்டடத்தைப் பாதி மராமத்தோடு, கிடைத்த விலைக்கு விற்றார்கள். இரண்டு பேர் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் வருத்தமாக இருக்கிறது. ஒரு பக்க ஒப்பந்தம் அவர்களைக் காப்பாற்றியிருக்கும்.

உங்கள் கட்டடமும் பழையது, தளத்துக்கு இரண்டு வீடு. அப்படியானால் பெரும்பாலும் இரண்டு குழாய் வரிசை இருக்கும், ஒவ்வொன்றிலும் நான்கு வீடு. முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் கழிவுக் குழாய்க்குள் கேமரா விட்டுப் பாருங்கள். மின் பலகையையும் மொட்டை மாடித் தளத்தையும் தனியாக ஒருவரை வைத்துச் சோதியுங்கள். காலியாக உள்ள மூன்று வீடுகள் ஒரே வரிசையில் இருந்தால் உங்களுக்கு நல்ல காலம். ஒரே ஒரு குடும்பத்தை மாற்றி வைத்தால் அந்த வரிசை முழுவதையும் முடித்துவிடலாம். இரண்டு வரிசையிலும் சிதறிக் கிடந்தால் வேலை நாட்களும் வட்டியும் கூடும். எந்த வீடு எந்த மாதம் காலியாகிறது என்ற ஒரு தாள்தான் உங்கள் கடன் திட்டத்தின் அடிப்படை. அதைக் காண்டிராக்டரோடு உட்கார்ந்து போடுங்கள். குடியிருப்பவர்களை அவர்களுடைய ஒப்பந்தமும் உங்கள் ஊர்ச் சட்டமும் அனுமதிக்கிற விதத்தில்தான் மாற்ற முடியும். அதற்கு ஆகும் நாட்களையும் செலவையும் அந்தத் தாளிலேயே எழுதிவிடுங்கள்.

சரி, பணம் வரும் வழிகளுக்கு வருவோம். எனக்குப் பிடித்தது, வாங்குவதையும் மராமத்தையும் ஒரே கடனில் அடக்குவது. நீங்கள் வாங்கும் விலைக்கு மட்டும் 70 கேட்டிருக்கிறீர்கள். அதே வங்கியிடமோ வேறொரு வங்கியிடமோ, மராமத்துத் திட்டத்தையும் வாடகைக் கணக்கையும் வைத்து மொத்தச் செலவுக்கும் கடன் கேளுங்கள். வாங்கும்போது ஒரு பகுதி வரும். மீதியை வேலை முடிய முடியப் பிரித்துத் தருவார்கள். இதில் ஒன்றைக் கவனியுங்கள். பொதுவாக வங்கி முன்னால் தராது. வேலை முடிந்து, அவர்களுடைய ஆள் வந்து பார்த்த பிறகே அந்தத் தவணை வரும். அதற்குள் சிமெண்ட்டுக்கும் கூலிக்கும் நீங்கள்தான் கொடுத்திருக்க வேண்டும். ஒவ்வொரு பில்லிலும் 5 முதல் 10 சதவீதத்தைக் கடைசி வரை பிடித்து வைப்பதும் வழக்கம். அதனால் இரண்டு மாத வேலைக்கான ரொக்கம் எப்போதும் கையில் புரள வேண்டும். ஏட்டில் பணம் இருந்தும் கையில் ரொக்கம் இல்லாமல் வேலை நின்றுபோன கட்டடங்கள் ஏராளம்.

இரண்டாவது வழி ப்ரிட்ஜ் லோன் எனும் குறுகிய காலக் கடன். ஓரிரு ஆண்டுக்கு, கூடுதல் வட்டியில், பெரும்பாலும் வட்டி மட்டும் கட்டும்படி கிடைக்கும். வேலை முடிந்து வீடுகள் நிரம்பியதும் நீண்ட காலக் கடனாக மாற்றிக்கொள்ளலாம். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் மாற்றும் அன்றைக்கு வாடகை 20 வராமல் 18 மட்டுமே வந்தால்? மிச்சம் 12.1 ஆகும், வங்கி தாங்கும் கடன் 121-இலிருந்து 104-க்கு இறங்கும். பத்து சதவீத வாடகைக் குறைவு உங்களிடம் 17 கூடுதல் ரொக்கம் கேட்கும், அதுவும் பழைய கடன்காரர் கெடு வைத்து நிற்கும் நாளில். கட்டடத்தின் மதிப்பும் 151-க்கு வந்துவிடும். நீங்கள் போட்டதோ 160. வட்டி மட்டும் 8-இலிருந்து 9 ஆனாலும் கடன் 111-க்குத்தான் வரும். அதனால் இந்த வழியில் போவதானால் கெடுவை நீட்டிக்கும் உரிமையை முதல் நாளே எழுதி வாங்குங்கள். வேலை ஓர் ஆண்டு என்றால் கடன் குறைந்தது இரண்டு ஆண்டுக்கு இருக்கட்டும்.

விற்பவரே விலையில் ஒரு பகுதியைச் சில ஆண்டுகள் கழித்து வாங்கிக்கொள்ள ஒப்புக்கொள்வதும் உண்டு. அது கிடைத்தால் நல்லது. ஆனால் முதல் வங்கியின் சம்மதம் வேண்டும். வாடகையைச் சேர்த்துச் சேர்த்து மெதுவாக மராமத்துப் பார்ப்பது டைல்ஸுக்கும் பெயிண்ட்டுக்கும் சரிவரும், குழாய் வரிசைக்குச் சரிவராது.

இனி உங்கள் மூன்றில் ஒரு பங்கு. நல்ல மனதோடு செய்த ஏற்பாடு என்பது புரிகிறது. ஆனால் இது மைத்துனருக்கு நியாயமாக இல்லை, நண்பருக்கு அதைவிட நியாயமாக இல்லை.

அந்த 9-ஐ மைத்துனர் 4, நண்பர் 3, நீங்கள் 2 என்று போட்டதாக வைத்துக்கொள்வோம். மைத்துனர் 24, நண்பர் 10, நீங்கள் 5. இரண்டு ஆண்டு முடிவில் 175-க்கு விற்கிறீர்கள். விற்பனைச் செலவு 7, வங்கிக்கு 121, கைக்கு வருவது 47. இரண்டாம் ஆண்டு வாடகை மிச்சத்தை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. முதலைத் திருப்பிக் கொடுத்தால் மிஞ்சும் லாபம் 8. மூன்றாகப் பிரித்தால் ஆளுக்கு 2.67. நீங்கள் 5 போட்டு 2.67 எடுக்கிறீர்கள், மைத்துனர் 24 போட்டு அதே 2.67, அதாவது ஆண்டுக்கு ஐந்தரை சதவீதம். கட்டடத்துக்கு வாங்கிய கடனுக்கே 8 சதவீதம் கட்டிவிட்டு, தன் பணத்துக்கு அதைவிடக் குறைவாக வாங்கிக்கொள்ள அவர் எத்தனை நாள் பொறுப்பார்? வெளியே சொல்ல மாட்டார். வீட்டு விசேஷங்களில் முகம் மாறும், அவ்வளவுதான்.

இதற்கு முதலீட்டாளர்கள் பல காலமாகக் கையாளும் முறை ஒன்று இருக்கிறது. வருகிற பணம் வரிசையாக இறங்கும். முதலில் அவரவர் போட்ட முதல். அடுத்து அந்த முதலுக்கு ஒப்புக்கொண்ட ஆண்டு வருமானம், 8 சதவீதம் என்று வைப்போம். அதற்குப் பிறகு மிஞ்சுவதைத்தான் உழைப்பு, பொறுப்பு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்து, பேசிய விகிதத்தில் பிரிக்க வேண்டும். நம் எடுத்துக்காட்டில் 39-க்கு இரண்டு ஆண்டு 8 சதவீதம் 6.24. மிஞ்சுவது இரண்டுக்கும் கீழே. உங்கள் உழைப்புக்கு அதில் ஒன்றும் தேறாது என்று பதறாதீர்கள். மேற்பார்வைக்கு மராமத்துச் செலவில் இத்தனை சதவீதம் என்று பேசிக் கூலியாக வாங்கிக்கொள்ளுங்கள், அதை மாதாமாதம் பட்ஜெட்டிலேயே காட்டுங்கள். உழைப்புக்குக் கூலி தனி, பணத்துக்கு வருமானம் தனி என்று பிரித்துவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்தது.

நண்பர் விஷயம் இன்னும் கனமானது. "கையெழுத்துப் போடுவார்" என்று ஒரு வரியில் எழுதிவிட்டீர்கள். இந்த மாதிரிக் கடன்களில் ஜாமீன் போடுபவர் பெரும்பாலும் முழுத் தொகைக்கும் பொறுப்பாளி. அவர் பங்கு மூன்றில் ஒன்று என்பது வங்கிக்குப் பொருட்டே இல்லை. தவணை நின்றால் 121-க்கும் அவர் சம்பளத்தையும் சொத்தையும் தேடி வரலாம். மூவரில் அதிகம் பணயம் வைப்பவர் அவர்தான். அவருக்கு இது தெரியுமா என்று தயவுசெய்து கேளுங்கள். ஜாமீனுக்கென்று அவருக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை கொடுங்கள். அவர் கட்ட நேர்ந்தால் உங்கள் பங்குக்கு உரியதை நீங்கள் இருவரும் திருப்பித் தர வேண்டும் என்று தனியே எழுதிக் கொடுங்கள். வேலை முடிந்து வாடகை நிலைபெற்றதும் ஜாமீனை விடுவிக்கவோ குறைக்கவோ முடியுமா என்று வங்கியிடம் இப்போதே கேட்டு வையுங்கள். உங்கள் வீட்டை வைக்கச் சொல்லி வங்கி அடம்பிடித்தால், அந்தக் கட்டடம் தன் காலில் நிற்காது என்று வங்கியே கருதுகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது பேச வேண்டியது விலையைக் குறைப்பது பற்றி.

ஒப்பந்தத்தில் மற்றவற்றை வக்கீல் பார்த்துக்கொள்வார்: கட்டடம் யார் பெயரில் அல்லது எந்த நிறுவனத்தின் பெயரில், ஒருவர் விலக நினைத்தால் யார் வாங்குவது, விலையை யார் மதிப்பிடுவது, ஒருவர் இறந்துபோனால் வாரிசுக்கு என்ன. கணக்குக்குத் தனி வங்கிக் கணக்கு, இரண்டு கையெழுத்து. காண்டிராக்டருக்குப் பணம் கொடுக்கும் ஒவ்வொரு முறையும், அவருக்குக் கீழே வேலை செய்தவர்களுக்கும் பாக்கி இல்லை என்று எழுதி வாங்குங்கள். பல நாடுகளில் கூலி வராதவர் கட்டடத்தின் மீதே உரிமை கோர முடியும்.

ஆனால் ஒரு பிரிவை மட்டும் வக்கீலிடம் விடாமல் நீங்கள் மூவரும் உட்கார்ந்து, உங்கள் சொந்த வார்த்தையில் எழுதுங்கள். பணம் குறைந்தால் என்ன செய்வது என்பது அது. நான் சொல்வது இப்படி இருக்கும்: கூடுதல் பணம் தேவை என்று தெரிந்தால் பில்லோடு அறிவிப்பு, 15 நாளுக்குள் அவரவர் முதலின் விகிதப்படி போட வேண்டும். போட முடியாதவருக்காக இன்னொருவர் போட்டால் அது கூட்டுக்குக் கொடுத்த கடன். 12 சதவீத வட்டியோடு எல்லாவற்றுக்கும் முன்னால் திரும்பி வரும். ஆறு மாதத்தில் அது அடைபடவில்லை என்றால் பணம் போட்டவர் விரும்பினால் அதை முதலாக மாற்றிக்கொள்ளலாம், மற்றவர் பங்கு அந்த அளவு குறையும். ஒருவரிடம் ஆக மொத்தம் இவ்வளவுக்கு மேல் கேட்கக் கூடாது என்ற உச்ச வரம்பையும் எழுதுங்கள். எண்களை உங்கள் வசதிக்கு மாற்றிக்கொள்ளலாம். பணம் கேட்பது அவமானமாகவும் கொடுக்காமல் இருப்பது துரோகமாகவும் ஆகிவிடாமல், இரண்டுக்கும் ஒரு வழி முன்கூட்டியே இருக்க வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம்.

மைத்துனரிடம் இதையெல்லாம் பேச உங்களுக்குச் சங்கடமாக இருக்கும். குடும்பத்துக்குள் தாள் நீட்டினால் நம்பிக்கை இல்லையா என்று கேட்பார்களோ என்ற தயக்கம் இயல்பானதுதான். அப்படித் தோன்றினால் இந்தப் பதிலையே அவரிடமும் நண்பரிடமும் காட்டுங்கள். கேமராச் சோதனை அறிக்கை வந்ததும் மூவரும் ஒரு மாலை உட்காருங்கள். பங்கு விகிதத்தில் ஆரம்பிக்க வேண்டாம். அந்த 9 எங்கிருந்து வரும் என்பதில் ஆரம்பியுங்கள். அதற்கு அன்றைக்கே பதில் கிடைக்கவில்லை என்றால் முன்பணம் கொடுக்கும் தேதியைத் தள்ளிப் போடுங்கள்.